இடப்பக்கம் திரும்பிய மரஜீப்பு

போடிநாயக்கனூர்,
ஐப்பசிக் கடைசி.

அன்பு மகள் பவதாரணிக்கு அப்பா எழுதுவது. அந்தச் சண்டிகர் குளிரில் நீயும் உன் அறைத் தோழிகளும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உன் அம்மா, உன் சித்தி சுஜிதா மூன்று பேரும் சுகம். இந்த வரியைப் போன மாசம் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், அதனால்தான் போன மாசம் எழுதவில்லை. சித்தி ஏன் போன் எடுப்பதில்லை என்று நீ கேட்டதற்குக் காய்ச்சல் என்று உன் அம்மா சொன்னாள் அல்லவா, அது காய்ச்சல் இல்லை. உனக்குப் பரீட்சை நேரம் என்று அவள் மறைத்தாள், எனக்கு மறைக்கத் தெரியாது, அதனால் என்னைப் போன் பக்கமே விடவில்லை. இப்போது உன் பரீட்சையும் முடிந்தது, இங்கே விவகாரமும் முடிந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நடுவில் இருப்பதை எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாய். போனில் சொன்னால் வரிக்கு வரி கேள்வி கேட்பாய், எனக்குக் கோபம் வரும், உன் அம்மா போனைப் பிடுங்குவாள். தாளில் எழுதினால் ஒருத்தரும் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

நடந்தது இதுதான். சித்தி வழக்கம்போலத் தன் ஜீப்பில் ஏலத்தோட்டத்து ஆட்களைக் காலையில் பூப்பாறைப் பக்கம் ஏற்றிப்போய் விட்டு, சாயங்காலம் திரும்ப இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். போடிமெட்டு தாண்டி இறக்கம், லேசான தூறல். ஒரு வளைவில் எதிரே பஸ்சு ஏறி வந்திருக்கிறது. இவள் பிரேக் மிதித்திருக்கிறாள், அதே நேரம் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான், வண்டி இடப்பக்கம் போய் மலைச்சுவரில் மோதி நின்றுவிட்டது. அந்த இடத்தில் மலை இடப்பக்கம், பள்ளத்தாக்கு வலப்பக்கம். மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. எல்லாருக்கும் சிராய்ப்பு. முன்சீட்டில் இருந்த சிலமலைப் பொற்கொடிக்கு மட்டும் கழுத்துப்பட்டை எலும்பு ஒடிந்துவிட்டது, அது எப்படிக் கட்டுவார்கள், எத்தனை நாளில் கூடும் என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். சித்திக்கு நெற்றியில் ஒரு வீக்கம், வேறொன்றும் இல்லை. ஆனால் உண்மையான அடி இரண்டு நாள் கழித்து ஜீப் ஸ்டாண்டில் விழுந்தது.

ஸ்டாண்டில் பெண் டிரைவர் உன் சித்தி ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியும். அவள் சேர்ந்த நாளிலிருந்து சிலருக்கு அது தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. சங்கத் தலைவர் மொக்கச்சாமி கூட்டம் போட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, தான் சொன்னதை இருபது வருஷமாக யாரும் மறுத்துப் பேசாததால் வந்த குணம் அது. ஆத்தா, பஸ்ஸைப் பார்த்ததும் பயத்துல கை தன்னால ஸ்டியரிங்க ஒடிச்சிருக்கும், பொம்பளைக் கை, அது குத்தம் இல்ல, எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டு உன் வண்டிக்கு ஒரு டிரைவரப் போட்டுக்க, உனக்கு உண்டான முறை உனக்கு வந்துரும் என்றார். நான் ஒடிக்கவில்லை, நேராகத்தான் பிடித்திருந்தேன், வண்டிதான் இழுத்தது என்று இவள் சொன்னாள். வண்டி என்ன கன்னுக்குட்டியா, தானா இழுக்க என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். பொற்கொடியை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டார்கள். அந்த அம்மா, பஸ்சு வந்ததும் நான் கண்ண மூடிட்டேன்யா, பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு, ஆனால் சாட்சி போய்விட்டது. வண்டியையாவது பார்க்கலாம் என்றால், மோதிய மறுநாளே பட்டறையில் முன்பக்கத்தைக் கழற்றி நிமிர்த்தி மாட்டி முடித்திருந்தார்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் காயலான் கடைக்குப் போயாச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு வண்டி மோதினால் முதலில் ஏன் மோதியது என்று பார்க்க வேண்டும், பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும், இது டிப்ளமோ முதல் வருஷப் பாடம்கூட இல்லை, சாதாரண அறிவு.

சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையில் வண்டி எடுக்கிற அவள் முறையை ரத்து செய்துவிட்டார்கள். வண்டி நம் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. திருப்பூரிலிருந்து உன் சித்தப்பா, அதை வித்துட்டு இங்க வா, பனியன் கம்பெனியில ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம் என்று தினமும் போன் போட்டார். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம், மச்சான், நெசமாவே நாந்தான் திருப்பிட்டேனோ, பயத்துல செஞ்சது எனக்கே தெரியாமப் போயிருக்குமோ என்று கேட்டாள். பவா, நீ உன் சித்தியைப் பார்த்திருக்கிறாய், போடிமெட்டு ரோட்டைப் படுக்கையறை மாதிரி தெரிந்தவள், பனியில் முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாதபோதும் பாட்டுப் பாடிக்கொண்டு இறக்குகிறவள். அவள் தன் கையைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அவளே போய் ஒத்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஸ்டாண்டுக்குப் போய்ச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட்டேன். முன் அச்சு ஒரு பக்கம் மட்டும் பின்னால் நகர்ந்துவிட்டால், ஸ்டியரிங் நேராக இருந்தாலும் வண்டி அந்தப் பக்கம்தான் போகும் என்று சொன்னேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கட்டிலை இரண்டு பேர் தூக்கிப் போகும்போது முன்னால் இருப்பவர் இடது கையை மட்டும் பின்னுக்கு இழுத்தால் கட்டில் எந்தப் பக்கம் திரும்பும், அதே கதைதான். அச்சை நகராமல் பிடித்து வைத்திருப்பது சென்டர் போல்ட்டு, சுண்டுவிரல் பருமன், இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங்கின் நடுவில் இருக்கும். அது பிரேக் போட்ட நேரத்தில் பட்டென்று போயிருக்க வேண்டும் என்றேன். மொக்கச்சாமி டீயைக் குடித்து முடித்துவிட்டு, மாப்ளே, நீ ஏலக்காய் சலிக்கிற மிசினப் பாரு, மலைய நாங்க பார்த்துக்கிறோம், தரையில கோடு போட்டா வண்டி ஏறுமா என்று கேட்டார். எனக்குப் பேச்சு நீட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கோடு வேண்டாம், வண்டியாகவே கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் அம்மா பத்து வருஷமாக என் மரவண்டிகளைப் பொம்மைச் சோலி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேலை முடிஞ்சு வந்தால் மனுஷன் ஒரு வாய் பேசாம உப்புத்தாளைத் தேய்க்க உட்கார்ந்துடுறாரு, சோத்துல மரத்தூள், துணியில மரத்தூள் என்று அவள் புலம்பாத நாள் இல்லை. பரணில் அம்பாசடர், டேங்கர் லாரி, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த மினி பஸ்சு எல்லாம் வரிசையாக நிற்பதைப் பார்த்து, இதுல ஒண்ணாவது நம்மளக் கூட்டிட்டுப் பழனிக்குப் போகுமா என்று கேட்டவள். இந்தத் தடவை மட்டும் நான் ரம்பத்தை எடுத்ததும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்துக்குக் குரங்கணியிலிருந்து கொண்டுவந்த சில்வர் ஓக், சக்கரத்துக்குக் காப்பிக் கட்டை, இரண்டையும் நான் மிசின் பார்க்கும் ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்கும் உலையின் ஓரத்தில் போட்டு நன்றாக ஈரம் போக்கினேன், அதனால் வண்டி முழுக்க ஏலக்காய் வாசனை. டயருக்குப் பழைய செருப்பு ரப்பர். பட்டை ஸ்பிரிங்குக்கு மூங்கிலை மெல்லிசாகச் சீவித் தணலில் வாட்டி வளைத்தேன், நிஜப் பட்டை மாதிரியே அழுத்தினால் இறங்கி விட்டால் எழுந்தது. சென்டர் போல்ட்டுக்கு ஊதுபத்திக் குச்சியின் அடிப்பகுதி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் இரண்டும் திரும்பும். இந்த மாதிரி ஒரு முன் அச்சை நான் இதுவரை செய்ததில்லை, பெருமையாகவே சொல்கிறேன். ஆட்களுக்குப் பதிலாக உன் அம்மா பழைய ரவிக்கைத் துணியில் குட்டிக் குட்டியாய்ப் பை தைத்து மணல் நிரப்பிக் கொடுத்தாள். அவள் பை தைக்கும்போது ஒன்றுக்குப் பொட்டு வைத்து, இது பொற்கொடி என்று முன்சீட்டில் உட்கார்த்தி வைத்தாள்.

முதல் ஓட்டம் நம் வீட்டு முற்றத்தில். கதவுப் பலகையைச் சாய்த்து வைத்து, இடச்சக்கரம் வருகிற வழியில் ஒரு பள்ளம் செதுக்கி, சித்தியையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எனக்கு அவசரம், சொல்லக் கூடாது, பெரிய வித்தைக்காரன் மாதிரி ஊதுபத்திக் குச்சியை முன்கூட்டியே உருவி எடுத்துக் காட்டினேன், இதோ போல்ட்டு இல்லை, இப்போது பார் எப்படி இடப்பக்கம் போகுது என்று வண்டியை விட்டேன். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறி நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. இன்னொரு தடவை விட்டேன், நேராகத்தான் போனது. போல்ட்டே இல்லாமல் நேராகப் போகிறது என்றால் என்ன அர்த்தம், அன்றைக்குத் திருப்பியது கைதான் என்று அர்த்தம். நான் விளக்குவதற்குள் சித்திக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு வண்டி தெரியும். விடுங்க மச்சான், போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. சித்திக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லச் செய்த வண்டி அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

ஆனால் கணக்கு தப்பாது, தப்பியது என்றால் எங்கேயோ நான் ஒன்றை விட்டிருக்கிறேன். மரஜீப்பை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற நிஜ ஜீப்புக்கு அடியில் படுத்தேன். நெஞ்சு மேல் மரஜீப்பு, மூக்குக்கு மேல் இரும்பு ஜீப்பு. ஒவ்வொரு சாமானாகத் தொட்டு, இது இருக்கிறது, இது இருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். முன் பட்டையைத் தொட்டு எண்ணினேன், என்னுடையதில் ஐந்து, அவளுடையதில் ஆறு. நான் கம்பெனி படத்தைப் பார்த்துச் செய்தவன். போடியில் எந்த ஜீப்பு கம்பெனி படத்தின்படி ஓடுகிறது, சொல். ஏலக்காய் பறிப்பு ஆரம்பித்ததும் முன்னால் நாலு பேர், பானெட்டு மேல் மூட்டை என்று லோடு ஏறும், முன்பக்கம் தாழும், அதனால் சீசனுக்கு முன்னால் ஸ்டாண்டு ஜீப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்வது இங்கே பழக்கம். ஆறாவது பட்டை போட்டார்கள் சரி, கட்டு உயர்ந்துவிட்டதே, அதை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டும் நீளமாக வேண்டாமா. பழைய யூ போல்ட்டையே இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். நட்டு கடைசி இரண்டு மரையில் தொங்குகிறது, நட்டுக்கு வெளியே போல்ட்டின் முனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு நாள் மலையில் குலுங்கினால் தளர்ந்துவிடும். தளர்ந்துவிட்டால் மொத்தப் பாரமும் அந்தச் சுண்டுவிரல் போல்ட்டு மேல். என் மரஜீப்பில் யூ போல்ட்டுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை இறுக்கி முறுக்கியிருந்தேன், அந்த இறுக்கத்தில் போல்ட்டு இல்லாமலே அச்சு நகராமல் நின்றிருக்கிறது. மோதிய பிறகு பட்டறைக்காரர்கள் செய்த வேலையைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், புதுச் சென்டர் போல்ட்டு போட்டு, அதே குட்டை யூ போல்ட்டைத் திரும்ப மாட்டி வைத்திருக்கிறார்கள். அதே விபத்துக்கு இன்னொரு நாள் குறித்த மாதிரி. நான் அடியில் படுத்தபடியே கத்திய கத்தலில் உன் அம்மா யாருக்கோ கை நசுங்கிவிட்டது என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு, ஸ்டாண்டில் ஜீப்பெல்லாம் வரிசையாக நிற்கும். பலகை, மரஜீப்பு, மணல் ஆட்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். சித்தி வர மாட்டேன் என்றாள், உன் அம்மாதான் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எங்களைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்கள். ஏ ஈஸ்வரண்ணே, இது லிட்டருக்கு எம்புட்டுக் கொடுக்கும் என்று ஒருவன், பர்மிட்டு இருக்கா, கேரளா செக்போஸ்டுல விடுவானா என்று இன்னொருவன், இதுக்கு டிரைவரு ஆம்பளையா பொம்பளையா என்று மூன்றாவது ஒருவன். ஸ்பிரிங் பட்டைக் கடை ஜக்கையன் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, பாயாசத்துல போடலாம்ணே என்றான். பலகையை மொக்கச்சாமி ஜீப்பின் பம்பரில் சாய்த்து வைத்தேன். தலைவரே, ஸ்டியரிங்கை நேராக வைத்து நூலால் நீங்களே கட்டுங்கள், பிறகு கை திருப்பியது, காத்து திருப்பியது என்று பேச்சு வரக் கூடாது என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டினார், மூன்று முடிச்சு போட்டார், தாலி கட்டியாச்சு மாப்ளே என்றார்.

முதலில் கம்பெனி வண்டி. ஐந்து பட்டை, கம்பி இறுக்கம், குச்சியை உருவிவிட்டு வண்டியை விட்டேன், நேராகப் போனது. அதான் நேரா போகுதே, உன் கொழுந்தியா சொன்னதப் பொய்யாக்கத்தான் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தியா என்று மொக்கச்சாமி கேட்டார். பொறுங்கள் என்று சொல்லி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஆறாவது மூங்கில் பட்டையைச் செருகினேன், அதே பழைய அளவுக் கம்பியை எடுத்துக் கட்டினேன், கம்பியின் முனை எட்டவில்லை, ஒரே ஒரு முறுக்குதான் விழுந்தது. இதுதான் நம்ம எல்லாரும் சீசனுக்கு முன்னால் செய்கிற வேலை என்று சொன்னேன். ஊதுபத்திக் குச்சியையும் திரும்பச் சொருகினேன், குறை சொல்ல இடமே வைக்கவில்லை. வண்டியைக் கையில் பிடித்து மலையில் ஓடுகிற மாதிரி நன்றாகக் குலுக்கினேன். பிறகு விட்டேன். இடச்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, டக்கென்று ஒரு சத்தம், குச்சி ஒடிந்தது, அச்சின் இடப்பக்கம் பின்னுக்குப் போனது, வண்டி பாதி வழியில் இடப்பக்கம் திரும்பிப் பலகையை விட்டுக் குதித்து மொக்கச்சாமியின் டீ கிளாஸைத் தட்டிவிட்டது. எடுத்துக் காட்டினேன். ஸ்டியரிங் நேராக இருந்தது, அவர் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை விடு என்றார்கள். புதுக் குச்சி போட்டு விட்டேன், மறுபடியும் இடப்பக்கம்தான். சித்தி மரஜீப்பைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தச் சத்தந்தான், அன்னைக்குக் கேட்ட சத்தம் அதேதான் என்றாள்.

அதோடு விட்டார்கள் என்று நினைக்கிறாயா. மரம் வேற, இரும்பு வேற, பொம்மை ஒடிஞ்சா ஜீப்பு ஒடியுமா என்று ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்விதான். எனக்குப் பொறுமை போய்விட்டது. இரும்பையே பார்ப்போம் என்று டேப்பை எடுத்தேன். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை வலப்பக்கம் எவ்வளவோ அதே அளவு இடப்பக்கமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சு நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், சின்னப் பிள்ளைக்கும் புரியும். வரிசையாக அளந்தேன். முதல் வண்டி சரி, இரண்டாவது சரி, மூன்றாவது மொக்கச்சாமியுடையது. இடப்பக்கம் ஒரு விரற்கடை குறைந்தது. டேப்பைப் பிடித்த ஜக்கையனே, தலைவரே, கொறையுது என்றான். அவர் நம்பாமல் தானே பிடித்து அளந்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அடியில் படுத்தார். வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை, கையில் கழன்று வந்த ஒரு நட்டு இருந்தது, விரலாலேயே திருகி எடுத்திருக்கிறார், ஸ்பேனர் தேவைப்படவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அதே வண்டியில்தான் அவர் தேவாரம் ஊர் ஆட்களையும் தன் மருமகளையும் ஏற்றி மலையிறங்கியிருக்கிறார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, கேட்கவும் இல்லை. சித்தி நின்ற இடத்துக்குப் போய், ஆத்தா, நாளைக்கு மொத நடை உன்னுது என்றார். அது போதும் என்று உன் அம்மாவுக்குத் தோன்றியது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் போதவில்லை. நாளைக்கு ஒரு வண்டியும் மலையேறாது, எல்லா வண்டிக்கும் நீள யூ போல்ட்டு மாற்றிய பிறகுதான் முதல் நடை, இரண்டாம் நடை எல்லாம், அதோடு பன்னிரண்டு பதிமூன்று பேரை அடைக்கிற பழக்கத்தையும் விடுங்கள், ஆறாவது பட்டைக்கு வேலையே இருக்காது என்று சத்தமாகச் சொன்னேன். யூ போல்ட்டை ஒத்துக்கொண்டார்கள். ஆள் குறைக்கிறதைப் பற்றி எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தச் சண்டையை நான் விடப் போவதில்லை.

ஜக்கையன் இரண்டு நாள் கடையை மூடாமல் வேலை பார்த்து எல்லா வண்டிக்கும் மாற்றினான், ஒவ்வொன்றையும் நான் படுத்துப் பார்த்துத்தான் விட்டேன். புதன்கிழமை விடியற்காலை சித்தியின் ஜீப்பு வரிசையில் முதலில் நின்றது. நானும் உன் அம்மாவும் போயிருந்தோம். ஆட்கள் ஏறுவார்களா என்று எனக்கே சந்தேகம்தான், அத்தனை நாள் அத்தனை பேச்சு காதில் விழுந்திருக்கும். சிலமலைப் பெண்கள் கூடையும் குடையுமாக நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது பொற்கொடி வந்தார், கழுத்திலிருந்து தூளி மாதிரி கை தொங்குகிறது. உனக்கு வேலைக்கு வர இன்னும் நாள் கிடக்கே, எங்க கெளம்பிட்ட என்று மொக்கச்சாமி கேட்டார். தோட்டத்துல என் தூக்குவாளி கெடக்கு, எடுத்துட்டு வரணும் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து அதே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதன் பிறகு இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. பத்தாவது ஆள் ஏறியதும் சித்தியே இறங்கிப் பின்கதவைச் சாத்தி, போதும், மிச்சப் பேரு அடுத்த வண்டிக்குப் போங்க என்றாள். சாயங்காலம் அவள் இறங்கி வந்ததும், அந்த வளைவில் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அட, அது எப்ப வந்துச்சு, கீழ முந்தல் தாண்டினப்புறந்தான் மச்சான் ஞாபகமே வந்துச்சு என்றாள். ஜெயித்தோம் பவா. அன்றைக்கு இரவு உன் அம்மா கறிக்குழம்பு வைத்தாள்.

இப்போது என் நிலைமை என்ன தெரியுமா. மூன்று டிரைவர்கள் தங்கள் ஜீப்பை நம்பர், ஸ்டிக்கரோடு மரத்தில் செய்து தரச் சொல்லி நிற்கிறார்கள். மொக்கச்சாமி அந்த மரஜீப்பை ஸ்டாண்டில் கண்ணாடிப் பெட்டி போட்டு வைக்கக் கேட்டார், கொடுக்கவில்லை, அது உன் சித்தி வீட்டு டிவி மேல் இருக்கிறது. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு அதை ஓட்டிக் காட்டத்தான் வேண்டும், அப்போது மட்டும் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். உன் அம்மா பரணைத் துடைத்து வண்டிகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள், வார்னிஷ் போய்விட்டது, அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, நான் வாயை மூடிக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது.

தாயி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். நீ நாளைக்கு வார்டில் நிற்கப் போகிறவள். அங்கேயும் ஏதாவது ஒன்று தப்பாகப் போகும், போகாத இடம் கிடையாது. அப்போது பக்கத்தில் நிற்கிற, படிக்க வந்த சின்னப் பிள்ளையைப் பார்த்து, நீதான் பதட்டத்தில் செய்திருப்பாய், ஒத்துக்கொள் என்று பெரிய ஆள் யாராவது அன்பாகவே சொல்வார்கள். நீ செய்திருந்தால் அந்த நிமிஷமே ஒத்துக்கொள், மறைக்காதே, எனக்கும் சொல். செய்யவில்லை என்றால், எத்தனை பேர் சிரித்தாலும், நீயே உன்னைச் சந்தேகப்படுகிற அளவுக்குப் போனாலும், ஒத்துக்கொள்ளாதே. ஏன் நடந்தது என்று பார்த்த பிறகு பேசலாம் என்று சொல். பார்க்க விட மாட்டார்கள், சண்டை போட்டுப் பார்.

சரியான நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நடுங்காதே, தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டாய் என்று வீடியோவிலேயே தெரிகிறது, அது உன் அம்மா சொல்லச் சொன்னது. கௌமாரியம்மன் துணையிருப்பாள், உன் கை தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ நினைத்தது நினைத்தபடி நடக்கட்டும். தைக்கு வரும் டிக்கெட்டை இன்றைக்கே போடு, நாளைக்கு என்று சொல்லாதே, போன தடவை நீ கடைசி நேரத்தில் அலைந்தது எனக்கு மறக்கவில்லை. பூப்பாறை வரை உன்னைக் கூட்டிப் போகச் சித்தி முன்சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறாள், பத்து பேரில் நீ ஒருத்தி.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா,
ஈஸ்வரன்.